ஜி. டி. நாயுடுவும் ஐந்து வால்வு ரேடியோவும்

சென்ற கோடை விடுமுறையில் நாம் ஓசூரில் நண்பர் ஒருவர் இல்லத்தில் பத்து நாள் தங்கியிருந்தோம். ஓசூர் தமிழ்நாட்டின் எல்லையூர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் அங்கே ஒரே கடைத்தெருவில் ஒலிக்கும். விடியற்காலையில் நம்மை எழுப்பியது சேவற்கூவல் அன்று; சிப்காட் தொழிற்பேட்டைக்கு ஆளேற்றிச் செல்லும் பஸ்களின் ஊதல். நண்பரின் தந்தையார் சிறியதொரு லேத் பட்டறை வைத்திருக்கிறார். நண்பரோ நம்மைப்போல் இலக்கண நூலோடு மல்லாடாமல் பௌதிக சாஸ்திரம் பயில்பவர். அவர் அவ்விடுமுறை முழுவதும் வீட்டின் பின்கட்டில் அமர்ந்து, வால்வுகளைக் கொண்டு இயங்கும் ஆம்ப்ளிஃபையர் ஒன்றைத் தம் கையாலேயே செய்துகொண்டிருந்தார்.

வால்வு என்பது காற்று நீக்கப்பெற்ற சிறு கண்ணாடிக் குப்பி. இப்போது அது பெரும்பாலும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனம் முதலிய தேசங்களிலிருந்தே வருகிறது. நண்பர் பெங்களூரு எஸ். பி. ரோட்டுக் கடைகளில் அலைந்து, பாரத் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியார் முன்னாளில் பெங்களூரிலேயே செய்த பழைய வால்வுகள் மூன்றைத் தேடிக் கொணர்ந்திருந்தார். டிரான்ஸ்பார்மரின் செப்புக் கம்பியைப் பட்டறையிலேயே சுற்றினார். தகரத்தை வெட்டித் துளையிட்டுத் தட்டு அமைத்தார். கண்டென்சர்களையும் ரெஸிஸ்டன்ஸ்களையும் ஈயம் வைத்து இணைத்தார். (இவ்வாறு உலோகத்தை உலோகத்தோடு பொருத்தும் பொடிக்குப் பற்றாசு என்று நம் முன்னோர் பெயரிட்டிருந்தனர் என நாம் கூறியபோது, அவர் அதனைப் பெரிதாக மதிக்கவில்லை.) முதல்நாள் மின்சாரம் கொடுத்தபோது பாட்டு வரவில்லை, வண்டுக்கூட்டம் இரைவது போன்ற ஓசையே வந்தது. வால்வுகளைச் சூடாக்கும் கம்பிகள் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கி ஓரமாக ஒதுக்கிய பின்னரே அவ்விரைச்சல் அடங்கிற்று. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் கண்டென்சரில் அது தங்கியிருக்கும் என்பதை அவர் நூலிற் படித்திருந்தார். ஆயினும் ஒரு நாள் விரலாலும் அறிந்துகொண்டார்.

உள்ளங்கையில் அடங்கும் போனில் உலகத்துப் பாட்டெல்லாம் கேட்கும் இக்காலத்தில் இப்பாடு எதற்கு என்று வினவினோம். போனைத் திறந்தால் உள்ளே யாதும் விளங்குவதில்லை என்றும், வால்வில் கம்பி சிவப்பதும், ஒரு பாகத்தின் வேலை முடிந்து மற்றொன்றின் வேலை தொடங்குவதும் கண்ணுக்கும் கைக்கும் தெரிகின்றன என்றும் அவர் விடை பகர்ந்தார். அப்போது திண்ணையில் அமர்ந்திருந்த அவருடைய பாட்டனார், தாம் கோயம்புத்தூர் ஜில்லாவினராதலால், பேரனுக்கு ஜி. டி. நாயுடுவின் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி நகைத்தார். அன்றிரவு அவர் கூறிய வரலாற்றையும், கல்லூரிக்குத் திரும்பிய பின் யாம் படித்தறிந்தவற்றையும் சேர்த்து இங்கு வரைகின்றோம்.

கோபாலசாமி துரைசாமி நாயுடு 1893-ம் வருஷம் மார்ச்சு மாதம் 23-ந் தேதி கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் கிராமத்தில் பிறந்தார். குடும்பம் வேளாண்மைக் குடும்பம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. வாத்தியாரின் முகத்தில் மண்ணை வாரி வீசிவிட்டு ஓடிப்போனார் என்றொரு கதை இன்றும் அப்பக்கங்களில் வழங்குகிறது. ஆரம்ப வகுப்புகளுக்கு மேல் அவர் படிக்கவில்லை என்பது மட்டும் உறுதி. படிப்பை விட்டவர் வயல்வேலையில் காலங்கழித்தார்.

அந்நாளில் நிலத்தீர்வை சம்பந்தமான வேலையாக ஆங்கில உத்தியோகஸ்தர் ஒருவர் அப்பக்கம் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஒரு வண்டி தானே ஓடுவதை இளைஞர் துரைசாமி கண்டார். அதன்பின் அவருக்கு வயலில் மனம் நிற்கவில்லை. கோயம்புத்தூருக்குச் சென்று ஒரு ஹோட்டலில் இலை போட்டுப் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். பணம் சிறுகச் சிறுகச் சேர்ந்தது. சில நூறு ரூபாய் கையில் சேர்ந்ததும் அந்தத் துரையினிடமே சென்று அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் அதன்மேல் ஏறி ஊர்சுற்றவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எஞ்சினைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பரப்பி, எது எதனை இயக்குகிறது என்று பார்த்து, மறுபடியும் பூட்டினார். அவர் கற்ற கல்வி இதுவே. பின்னர் அவர் வாழ்நாளில் செய்த அனைத்தும் இந்த ஒரு செயலின் விரிவு என்றே நமக்குத் தோன்றுகிறது. நம் நண்பர் அக்கதையைக் கேட்டபோது எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

இடையில் பஞ்சு வியாபாரத்தில் இறங்கிப் பொருளீட்டினார். ஈட்டியதைப் பம்பாயில் இழந்தார். வெறுங்கையோடு திரும்பியவருக்குக் கை கொடுத்தவர் ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை ஆவார். இவர் கோவையில் காப்பி வர்த்தகமும் பஞ்சாலையும் நடத்தியவர். 1862-ம் வருஷத்திலேயே அந்நகரில் ஒரு பள்ளிக்கூடத்தை நிறுவிய நற்கிறிஸ்தவர். பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிய ஒருவரைப் பள்ளிக்கூடம் கட்டிய ஒருவர் ஆதரித்தார் என்பது நமக்கு இன்பம் தருகிறது. ஸ்டேன்ஸ் துரையின் உதவியால் நாயுடு 1920-ம் வருஷத்தில் ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒரு பஸ்ஸிலிருந்து யுனிவர்ஸல் மோட்டார் ஸர்வீஸ் என்ற ஸ்தாபனம் வளர்ந்தது. சில வருஷங்களுக்குள் தேசத்திலேயே சீராக நடைபெறும் பஸ் நிறுவனங்களுள் ஒன்றென அது பெயர் பெற்றது.

1932-ம் வருஷத்தில் நீலகிரியின் பைகாரா நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் பிறந்து, கோயம்புத்தூர் சமவெளிக்கு இறங்கி வந்தது. அதன் பயனாக ஆலைகள் பெருகின; கிணறுகளில் கவலை இறைத்த இடத்தில் பம்புகள் தோன்றின. ஆனால் அப்பம்புகளை இயக்கும் மோட்டார்களெல்லாம் கப்பலேறி வந்தவை. 1937-ல் பீளமேட்டில் நாயுடுவின் நேஷனல் எலெக்ட்ரிக் வொர்க்ஸ் பட்டறையிலிருந்து இந்தியாவில் செய்யப்பெற்ற மோட்டார் வெளிவந்தது. அதனை வகுத்தவர் டி. பாலசுந்தரம் நாயுடு என்னும் நிபுணர். அவர் பின்னர் டெக்ஸ்டூல் என்ற தொழிற்சாலையைத் தாமே நிறுவினார். ஜி. டி. நாயுடுவின் பெயர் பெரிதாக நிற்கும் இடங்களில் இப்படிப்பட்ட கூட்டாளிகளின் பெயர் மறைந்துவிடுவது உண்டு; ஆதலால் இங்கே குறிப்பிட்டோம்.

இனி ரேடியோவின் கதைக்கு வருவோம். 1938-ம் வருஷம் ஜூன் மாதம் 16-ந் தேதி சென்னையில் அகில இந்திய ரேடியோ நிலையம் திறக்கப்பட்டது. அப்போது சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்தவர், ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி அவர்கள். மறுவருஷம் மே மாதம் திருச்சி நிலையமும் பேசத் தொடங்கிற்று. ஆகாயத்தில் தமிழ் நிரம்பிற்று. கேட்பதற்குத்தான் கருவி இல்லை. அந்நிய தேசத்து ரேடியோப் பெட்டி வாங்க நூற்றுக்கணக்கான ரூபாய் வேண்டும். அதன்மேல் வருஷத்துக்குப் பத்து ரூபாய் லைசென்ஸ் கட்டணமும் உண்டு. ஜமீன்தார் வீட்டிலும் வக்கீல் வீட்டிலும் பாகவதர்கள் பாடினர். குடியானவன் சாளரத்துக்கு வெளியே நின்று கேட்டான்.

இந்நிலையில், 1941-ம் வருஷத்தில், யுத்தத்தின் நடுவே, ஐந்து வால்வுள்ள ரேடியோவை இந்தியாவிலேயே எழுபது ரூபாய்க்குச் செய்து கொடுக்கத் தம்மால் இயலும் என்று நாயுடு அறிவித்தார்.

எழுபது ரூபாய் என்பதன் பொருளை உணர, ஐந்து வால்வுகளும் என்ன செய்கின்றன என்று அறிதல் வேண்டும். நாம் தமிழ் ஆனர்ஸ் மாணவராதலால் நண்பர் நமக்கு இதனை மூன்று முறை விளக்க நேர்ந்தது. முதல் வால்வு ஆகாயத்திலிருந்து வரும் பல அலைகளுள் நாம் வேண்டிய நிலையத்தின் அலையைத் தானே பிறப்பிக்கும் மற்றோர் அலையோடு கலந்து, எந்நிலையமாயினும் ஒரே அளவான அதிர்வுக்கு மாற்றித் தருகிறது. இரண்டாவது வால்வு அவ்வலையைப் பெருக்குகிறது. மூன்றாவது, அலையாகிய வாகனத்திலிருந்து ஒலியாகிய பிரயாணியைக் கீழே இறக்கி, அவ்வொலியைச் சிறிது வளர்க்கிறது. நான்காவது, அதற்கு ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை அசைக்கத்தக்க வலிமையை ஊட்டுகிறது. ஐந்தாவது ஒலியோடு சம்பந்தப்பட்டதன்று. வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரத்தை ஒரே திசையில் ஓடுமாறு திருத்தி, மற்ற நால்வருக்கும் உணவளிக்கிறது.

இதைக் கேட்டபின் நண்பரின் மூன்று வால்வுப் பெட்டியைப் பார்த்தோம். மூன்றாவது வால்வின் பாதி வேலையும், நான்காவதும், ஐந்தாவதுமே அது. எழுபது ரூபாய் ரேடியோவின் பின்பாகந்தான் ஓசூர்ப் பின்கட்டில் மறுபிறவி எடுத்திருந்தது! அவ்வேலை எளிதன்று என்பதைப் பத்து நாளும் கண்ணாரக் கண்டோம். வால்வுக்கு இருநூற்றைம்பது வோல்ட் அளவான உயர்ந்த அழுத்தம் வேண்டும். ஸ்பீக்கருக்கோ குறைந்த அழுத்தமும் மிகுந்த ஓட்டமும் வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவே நின்று சமாதானம் செய்து வைப்பது டிரான்ஸ்பார்மர். அதன் சுற்றுக் கணக்கில் பிழை நேர்ந்தால் பாட்டு வரும், இனிமை வராது. நண்பர் அதனை இரண்டு தரம் பிரித்துச் சுற்றினார். ஒருவர் ஒரு பெட்டியை விடுமுறையில் செய்து மகிழ்வது வேறு. ஆயிரம் வீட்டுக்கு ஆயிரம் பெட்டி, அதுவும் ஏழை வாங்கும் விலையில் செய்வேன் என்று முன்வருவது முற்றும் வேறு. அதற்குக் கைத்திறனோடு கணக்குத் திறனும் வேண்டும்: எந்தத் திருகு வேண்டாதது, எந்தத் தகட்டை மெல்லியதாக்கலாம், எங்கே அந்நிய வியாபாரியின் லாபம் ஒளிந்திருக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் கண் வேண்டும். ரட்ஜ் வண்டியைப் பிரித்த கண்ணே ரேடியோவின் விலையையும் பிரித்தது என்போம்.

ஆனால் ஒரு குறையையும் மறைத்தலாகாது. கண்ணாடியை ஊதி, உள்ளே நுண்ணிய உலோக வலையமைத்து, காற்றை அகற்றி வால்வு செய்யும் தொழிற்சாலை 1941-ல் நம் தேசத்தில் இல்லை. பெட்டியின் மற்றப் பாகங்களை எவ்வளவு மலிவாகச் செய்யினும் அதன் உயிர் கப்பலில்தான் வரவேண்டியிருந்தது. கப்பலோ யுத்தத்தில் அகப்பட்டிருந்தது. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தோன்றியதே 1954-ல். ரேடியோ வால்வுகளை அது செய்தது அதற்கும் பின்னர். நாயுடுவின் எண்ணம் தேசத்தின் தொழிலுக்குப் பல வருஷம் முந்திப் பிறந்துவிட்டது.

அவர் செய்த மற்றப் பொருள்களை விரிக்கின் கட்டுரை நீளும். பாட்டரியால் இயங்கும் சிறிய மோட்டாரை உள்ளடக்கிய க்ஷவரக் கருவி ஒன்றை ரஸாந்த் என்ற பெயரால் வெளியிட்டார். மிக மெல்லிய பிளேடு, காமிராவில் தூரத்தைச் சரிசெய்யும் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி ஆகியவை அவர் பெயரால் வழங்குகின்றன. சட்டசபைத் தேர்தலில் நின்று தோற்ற அவர், கள்ளத்தனம் செய்யவியலாத வாக்குப் பதிவு யந்திரத்தையும் அமைத்தார். 1936-ம் வருஷம் ஜனவரியில் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் சவ ஊர்வலத்தைத் தாமே படம் பிடித்தார். பருத்தி, சோளம், பப்பாளி முதலியவற்றில் புதுவகைகளைத் தம் பண்ணையில் வளர்த்தார். ஸர் சி. வி. ராமனும் ஸர் விசுவேசுவரய்யாவும் அப்பண்ணையைக் கண்டு சென்றனர்.

நம்மைப் போன்ற கல்லூரி மாணவர் சற்றே நெளியவேண்டிய இடம் இனித்தான் வருகிறது. 1944-ல் அவர் மோட்டார்த் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றார். தம் பொருளையும் முயற்சியையும் கொண்டு, அக்காலத்துச் சென்னைக் கவர்னரின் பெயரால் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் ஆர்தர் ஹோப் என்ஜினீயரிங் கல்லூரியும் கோவையில் தோன்றக் காரணமாயிருந்தார். அக்கல்லூரியே இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக நிலவுவது. 1945-ல் அவரே அதற்குப் பிரின்ஸிபாலாக அமர்ந்தார். ஆரம்ப வகுப்போடு நின்றவர் என்ஜினீயர்களுக்குத் தலைவரானார்! நான்கு வருஷப் படிப்பு மாணவர் காலத்தைக் கொள்ளையிடுவது. ஒரே நாளில் பல வேளைகளாக வகுப்பு வைத்தால் இரண்டு வருஷமே மிகுதி என்பது அவர் கொள்கை. கொள்கையோடு நில்லாமல் அவ்வாறே வகுப்பும் நடத்திக் காட்டினார். சர்க்கார் இசையவில்லை, அவர் பதவியைத் துறந்தார். துறந்த பின்னும், 1946-ல் ராணுவ உத்தியோகஸ்தருக்கும் என்ஜினீயர்களுக்கும் மாணவருக்கும் மோட்டார்த் தொழிலில் குறுகிய காலப் பயிற்சி அளித்தார்.

இதில் நாம் அவரோடு முழுதும் உடன்படவில்லை. எஞ்சினைப் போலத் தொல்காப்பியத்தையும் பிரித்துப் பூட்டிவிடலாம் என்று யாரும் நம்மிடம் சொல்லற்க. சில விதைகள் மெல்லத்தான் முளைக்கும். எனினும், பௌதிகத்தில் மூன்று வருஷம் பயின்றும் ஒரு வால்வின் காலில் ஈயம் வைத்தறியாத மாணவர் பலர் உளர் என்று நம் நண்பரே ஒப்புக்கொள்கிறார். அவர்தம் சார்பாக நாயுடுவுக்கு விடையளிக்க நம்மிடம் சொல் இல்லை.

1952-ல் இருவர் அமரத்தக்க சிறிய மோட்டார்க் காரொன்றை அவர் செய்து வெளியிட்டார். விலை இரண்டாயிரம் ரூபாய். லைசென்ஸ் கொடுக்கச் சர்க்கார் மறுத்தமையால் அதன் உற்பத்தி நின்றது. இருபத்தெட்டு வருஷத்துக்குப் பின், 1980-ல், ஓசூரிலிருந்து டி. வி. எஸ். 50 என்னும் இருவர் ஏறும் சிறு மொபெட் வெளிவந்து நாடெங்கும் ஓடிற்று. காரும் மொபெட்டும் வெவ்வேறாயினும், சிறிய விலையில் இருவரைச் சுமக்கும் வாகனத்துக்கு நம் ஜனங்களிடையே எவ்வளவு தேவை இருந்தது என்பது அப்போதேனும் விளங்கியிருக்கும்.

லைசென்ஸ் மறுப்போடு வரிச்சுமையும் சேர்ந்து நாயுடுவின் மனத்தைப் புண்படுத்திற்று. 1950-க்குப் பிந்திய அச்சில வருஷங்களில் ஒரு நாள், வரியை எதிர்த்து, தாம் அரிதின் முயன்று செய்த ரேடியோ முதலிய கருவிகளைப் பொதுமக்கள் முன்னிலையில் உடைத்து நொறுக்கினார். இதனை வீரச்செயல் என்று கொண்டாடுவோர் உளர். நண்பரின் பாட்டனாரும் அவ்வாறே கூறினார். நமக்கு அது ஒப்பவில்லை. ஐந்து தாலந்து பெற்றவன் அவற்றைக் கொண்டு வேறைந்து சம்பாதித்தான் என்று வேதத்தில் வாசித்திருக்கிறோம். ஐந்து வால்வு பெற்றவர் அவற்றைத் தரையில் அறைந்ததை எங்ஙனம் புகழ்வோம்? எழுபது ரூபாய்க்குக் கிடைக்குமென்று குடியானவன் காத்திருந்த பொருளன்றோ அங்கே சிதறியது? வரி விதித்தவர் வீட்டில் ரேடியோ அன்றும் பாடிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

நாம் இவ்வாறு வாதித்தபோது நண்பர் இடைமறித்து வேறொன்று சொன்னார். கருவியைத் தாமே செய்யாதவனுக்கு அதை உடைப்பது எளிது. தாமே சுற்றிய டிரான்ஸ்பார்மரை ஒருவர் தாமே உடைக்கிறார் என்றால், அதற்கு முன் எத்தனை இரவு உறங்காதிருந்திருப்பார் என்று நமக்குத் தெரியாது என்றார். இரண்டு தரம் பிரித்துச் சுற்றிய கை அதைச் சொல்லிற்றாதலின் நாம் மேலே வாதிக்கவில்லை.

அதன்பின்னும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. காலையில் அஸ்திவாரமிட்டு மாலைக்குள் ஒரு வீட்டைக் கட்டி முடித்துக் காட்டினார். தம் கருவிகளையும் அயல்நாட்டிலிருந்து கொணர்ந்த யந்திரங்களையும் பொருட்காட்சியாக வைத்து, பொதுமக்கள் அருகில் நின்று பார்த்து அறியுமாறு செய்தார். 1974-ம் வருஷம் ஜனவரி மாதம் 4-ந் தேதி தம் எண்பதாம் வயதில் காலமானார். கோவை அவிநாசி ரோட்டில் அவர் பெயரால் விளங்கும் பொருட்காட்சிச் சாலைக்கு இன்றும் பள்ளிக்கூடத்துச் சிறுவர்கள் வரிசையாகச் சென்று வருகின்றனர். 2025-ம் வருஷம் அதே ரோட்டின்மேல் திறக்கப்பெற்ற, பத்துக் கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலத்துக்கும் அவர் பெயரே இடப்பட்டிருக்கிறது.

வருகிற கிறிஸ்துமஸ் விடுமுறையில் நண்பரும் நாமும் அங்கே செல்வதாக இருக்கிறோம். பாட்டனாரும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். தம் மூன்று வால்வுப் பெட்டியோடு சேர்த்து ஐந்தாக்குவதற்கு இன்னும் இரண்டு வால்வுகளை நண்பர் எஸ். பி. ரோட்டில் பேசி வைத்திருக்கிறார்; கடைக்காரர் விலையைத்தான் இன்னும் குறைக்கவில்லை.